பூட்டிய பெயர்கள்

தோழி,

இன்று காலை பிரிண்டர் ரிப்பனை மாற்றியதில் விரலெல்லாம் மை. சோப்பு போட்டும் போகாத அந்த வாசனையோடு நீயும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். வந்ததும் நல்லதுதான். மானேஜர் மறுபடி பழைய பேச்சை எடுத்திருக்கிறார். கிளினிக் டேட்டாபேஸில் பெயர்களைத் திறந்துவிட வேண்டுமாம்.

காசநோய் கிளினிக்கின் பழைய அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அன்று நம் இருவர் தலையில் விழுந்தது. எண், மருந்து, தேதி எல்லாம் அட்டவணையில் அப்படியே இருக்கட்டும், பெயரை மட்டும் யாருக்கும் புரியாத எழுத்தாக மாற்றி வைக்க வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். கவுண்டரில் இருந்த ஒருத்தி உன் தங்கையின் அட்டையைப் பார்த்து, நம் ஆட்கள் கூடும் சிராங்கூன் ரோடு முழுக்கச் சொல்லி, தங்கையின் கல்யாணம் நின்றுபோயிருந்தது. "ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுலா. பேரையாவது மூடுவோம்" என்றாய்.

ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் வேறோர் எழுத்து என்று எழுதி முடித்தோம். சனிக்கிழமை மத்தியானம், தேக்காவில் வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி நீ பிரிண்ட் எடுத்த தாளைப் பார்த்துச் சிரித்தாய். சிரிப்பு பாதியில் நின்றது. நம் ஆட்கள் பெயர்களில், தன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஆணுக்கு ‘இன்னார் மகன்’ என்று எஸ்/ஓ, பெண்ணுக்கு ‘இன்னார் மகள்’ என்று டி/ஓ. எழுத்தை மாற்றிய பின்னும் அந்த இடத்தில் ஒரே குறிகள் திரும்பத் திரும்ப வந்து வரிக்கு வரி பல்லைக் காட்டின. அதைப் பிடித்துக்கொண்டு, பிரியாணி ஆறுவதற்குள் பாதிப் பெயர்களைப் படித்துவிட்டாய்.

"விடுடி. யாரு இப்படி உக்காந்து பாக்கப் போறா?" என்றேன்.

"நம்ம ஆளுங்கதான் பாப்பாங்க."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு வரியிலும் அந்த அட்டை எண்ணை, நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லான சாவியோடு கலந்து பெயரை மாற்றினோம். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தாலும் இரண்டு விதமாக மாறும். ஆனால் பெயரைச் சொல்லித் தேட முடியாது, அட்டை எண் வேண்டும். ஸ்லோவாகும், க்யூ நீளும் என்று மானேஜர் முகம் சுளித்தார். "க்யூவுல நின்னா கால்தான் வலிக்கும் சார். கல்யாணம் நிக்காது" என்றாய். மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நெஞ்சுவலி வந்து நீ போய், உன்னை அடக்கம் செய்த மறுநாள், உங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில், அக்கா உன்னை ராத்தா என்றே கூப்பிடும் உன் தங்கை சொன்னாள்: "ராத்தாவும் அந்த கிளினிக்லதான் மருந்து சாப்பிட்டாங்க, எனக்கு முன்னாடியே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நீ சொல்லவில்லை. உன் அட்டையை என் கண்ணில் படாமல் நீயே ஏற்றியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஊரோடு என்னையும் சேர்த்துவிட்டாயே!

இன்று மானேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்றார். சாவி இல்லாமல் எப்படிச் செய்வார் என்று நானும் பார்க்கிறேன்.

அந்த அட்டவணையில் ஒரு வரி நீ. சாவி என்னிடம் இருக்கிறது, நினைத்தால் இப்போதே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நீ என்னிடம் சொல்லாததை நான் திறந்து படிக்கப் போவதில்லை. வேறு எவரையும் படிக்க விடப் போவதுமில்லை.