சேமிப்புச் சித்தப்பாவின் ஆபீஸில் நாங்கள் கொடுத்த பேட்டி

அன்பு மகளுக்கு அம்மா ஆசையுடன் எழுதுவது.

நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் புது முட்டியும் சௌக்கியம், அதைத் தனியாக விசாரிக்காவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மழுப்பாமல் எழுது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு திருத்தம் போடுகிறார். இந்த விஷயத்தைக் குறுக்கே யாரும் புகாமல் முழுதாகச் சொல்லியாக வேண்டும். அதனால் அவரை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் அங்கே விலை கேட்டுக் கேட்டு வாங்காமல் திரும்புவதற்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

வீட்டில் இப்போது நாங்கள் மூன்று பேர் என்றே வைத்துக்கொள். நான், அப்பா, அப்புறம் அப்பாவின் போனுக்குள் குடியிருக்கும் சேமிப்புச் சித்தப்பா. கடன், சிக்கனம், முதலீடு என்று டிவியிலும் போனிலும் பேசியே அந்த மனிதர் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் இவருக்கு அவர் சித்தப்பா. பல் தேய்க்கும்போதே அவர் குரல் ஆரம்பித்துவிடும். பொய் சொல்லக் கூடாது, அவர் சொல்வதில் பாதி நல்ல விஷயம்தான். கண்டதையெல்லாம் தவணையில் வாங்கும் பழக்கத்தை அப்பா விட்டது அவரால்தான். நான் இருபது வருடமாகத் தொண்டை வற்றச் சொன்னதும் அதேதான், ஆனால் நான் டிவியில் வரவில்லையே. மீதிப் பாதிதான் தலைவலி. ஒரு மாதம் தொடாத பொருளை விற்றுவிடுங்கள் என்று அவர் சொன்ன அன்றே அப்பா என் பெரிய குக்கரைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். விருந்தாளி வந்தால் எதில் சமைப்பது என்று கேட்டேன். ‘விருந்தாளியே ஒரு செலவுதானே’ என்றார். குக்கரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன், அவரிடம் சொல்லிவிடாதே.

இப்படிப்பட்டவருடைய ஆபீஸ் நம் ஊருக்கே வந்து, அதற்கு நீயும் விண்ணப்பம் போட்டதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும்தான். எனக்கு அந்தச் சித்தப்பா முக்கியமில்லை. நீ காலையில் இந்த வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பி, சாயங்காலம் இதே வீட்டுக்கு வருவாய் என்ற நினைப்புதான். உன் அறைக்குப் புதுத் திரைச்சீலைகூடத் தைத்துப் போட்டுவிட்டேன். உன்னைப் பேட்டி கண்ட பிறகு பெற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள் அல்லவா, ஆள் எடுப்பதற்கு முன் வீட்டாரையும் விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். வேலை உனக்கு, பரீட்சை எங்களுக்கு. அப்பா முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டார்.

ஆபீஸ் இரண்டாவது மாடி. லிஃப்டில் கூட்டம் என்றதும் அப்பா படியேறியே போகலாம் என்று எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினார், முட்டியைக் காட்டிக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு. உள்ளே கண்ணாடி மாதிரி தரை. வரவேற்பில் சித்தப்பா கைகட்டிச் சிரிக்கும் படம், சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு. எல்லோர் மேஜையிலும் அவர் முகம் போட்ட தண்ணீர் பாட்டில். யாராவது போன் செய்து என் கடைசிக் கடனை அடைத்துவிட்டேன் என்று சொன்னால் ஒரு மணியை அடிக்கிறார்கள், உடனே ஆபீஸே எழுந்து நின்று கைதட்ட வேண்டும். நாங்கள் காத்திருந்தபோது மணி அடித்தது. ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கன்னம் உப்ப எழுந்து நின்று தட்டினாள், அப்பாவும் எழுந்து தட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பல் டாக்டர் கிளினிக்கில் இத்தனை வருடம் வரவேற்பில் உட்கார்ந்தவள் நான். வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கிற வாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கைதட்டியவர்களின் வாயெல்லாம் அப்படித்தான் இருந்தது. காபி மெஷின் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். டை கட்டிய ஒருவர் அந்தப் பக்கம் வந்ததும் இருவரும் கோப்பையை நிரப்பாமலே ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

எங்களைக் கேள்வி கேட்டவர் நீலச் சட்டை போட்ட ஒரு தம்பி. தங்கமான பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். வீட்டில் செலவை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டார், நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் ‘நான்’ என்றோம். அப்புறம், உங்கள் மகள் ஆபீஸ் விஷயங்களை வீட்டில் குறையாகச் சொல்வாரா என்று கேட்டார். ‘சொல்லுவா, அம்மாகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவா’ என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் கொஞ்சம் சுருங்கியது. இங்கே குறை என்றால் மேலே இருப்பவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டுமாம். பக்கத்து மேஜையிலோ வீட்டிலோ சொன்னது தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடுமாம். ‘வீட்ல பேசினது உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்’ என்று கேட்டேன். ‘தெரிஞ்சிடும்மா’ என்று மெதுவாகச் சொன்னார். அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் உன் அப்பா தன் வேலையைக் காட்டினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்தில், ஆளைத் தேர்வுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவனுடைய குறைகளையெல்லாம் அதிகாரியிடம் இவரே ஒப்பித்துவிடுவார், பின்னால் யாரும் இவரைக் கேட்கக் கூடாது என்று. அந்தப் பழக்கத்தில் உன்னைப் பற்றி ஆரம்பித்தார். ‘காலைல சீக்கிரம் எந்திரிக்க மாட்டா. கோபம் மூக்கு மேல. தப்புன்னு பட்டா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவா’ என்று வரிசையாகச் சொல்ல, நான் காலை மிதிக்க மிதிக்க அவர் நிறுத்தவே இல்லை. கடைசியில், ‘என் முட்டி ஆபரேஷனுக்கு அவதான் கடன் வாங்கினா, இன்னும் கட்டிட்டிருக்கா’ என்றும் சொல்லிவிட்டார். வேலையில் சேர்வதற்கு முன் அதை அடைத்தாக வேண்டும் என்றார் தம்பி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘எதுக்காக வாங்கினாலும் கடன் முட்டாள்தனம்தான்னு சித்தப்பா சொல்வார் சார்’ என்று மனப்பாடமாகச் சொன்னார். அப்பா காரில் பிரேக் போடுவது போல வலது காலைத் தரையில் அழுத்தினார். ‘தம்பி, அந்த முட்டாள்தனத்தாலதான் நான் இப்ப உங்க மாடிப்படி ஏறி வந்திருக்கேன்’ என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பிள்ளை அவர் முட்டியைப் பார்த்தது, பேனாவைப் பார்த்தது, அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு உன் அப்பாவை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்தது.

அன்று முழுக்க வீட்டில் சித்தப்பா பேசவில்லை. மறுநாள் பேசினார், ஆனால் பாதிச் சத்தத்தில். ஓய்வுப் பணத்தைச் சித்தப்பா சிபாரிசு செய்த ஏஜென்ட் யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்று அப்பா துடித்துக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் நம் ஏணியை இரவல் கேட்டு வந்தார். அவர் ஸ்கூட்டரில் ‘சித்தப்பா சிபாரிசு’ என்று ஸ்டிக்கர் இருக்கிறது. இவ்வளவு பெரிய மனிதர் உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று அப்பா பயபக்தியோடு கேட்டார். ‘மாசாமாசம் பணம் கட்டறேன் சார், கட்டலைன்னா ஸ்டிக்கரைத் திரும்பக் கேப்பாங்க. சித்தப்பாவை நானும் உங்களை மாதிரி போன்லதான் பார்த்திருக்கேன்’ என்று சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார். பணம் இப்போதைக்கு வங்கியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, யாரையும் நம்பி எடுப்பதாக இல்லை.

உன்னை எடுத்துக்கொள்வதாக நேற்று எங்களுக்கும் தகவல் வந்தது. எங்கள் பேட்டியில் இத்தனை கூத்து நடந்தும் எடுத்திருக்கிறார்கள் என்றால் நீ எவ்வளவு நன்றாகப் பேசியிருப்பாய். ‘நீ சொல்றபடி செய்றேம்மா’ என்று நீ சொன்னதுதான் எனக்குப் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆபீஸ் பளபளவென்று இருக்கிறது, நல்ல மனிதர்கள், உடனே கிளம்பி வா என்று நாலு வரி எழுதிப் போட்டுவிடலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன், ஒளிப்பானேன். நீ வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் சொல்வதில் உனக்கு உதவுவதை எடுத்துக்கொள், அதைக் கேட்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதே. அவர் கூரையின் கீழே வேலைக்கும் போகாதே.

ஏன் என்று கேட்பாய். நீ இங்கே வந்தால் தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாய். இன்னிக்கு என்ன நடந்தது என்று நான் கேட்பேன், ஒன்றுமில்லை என்று தட்டைப் பார்த்துச் சொல்வாய். அதைத் தினமும் பார்க்க என்னால் முடியாது. இப்போது நீ எத்தனையோ மைல் தள்ளி இருக்கிறாய், ஆனால் இப்போதைய உன் ஆபீஸில் ஓயாமல் தும்மும் அந்த மேனேஜர் எந்த நாளில் எதற்காகத் தும்மினார் என்பதுவரை எனக்குத் தெரியும். வாயைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற மகளைவிட, வாய் ஓயாமல் தூரத்தில் இருக்கிற மகள்தான் எனக்கு வேண்டும்.

இந்தப் பக்கம் வேறு வேலை கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் லீவு போட்டுவிட்டாவது வா. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். ஆபீஸில் யார் என்ன செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், நான் வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா