இடைவேளையில் கேட்ட கேள்வி

அன்பு மகளே,

நேற்று மருத்துவமனையில், "தலவலிய மறைச்சு ஆடிட்டேன், மன்னிச்சிருப்பா" என்றாய். அந்த ஆட்டம் உனக்கு நினைவில்லை. நீ வலியை மறைத்ததாக ஊர் சொன்னதை நம்பிவிட்டாய்.

முதல் பாதியில் கோல்கம்பத்தில் உன் தலை மோதியது. நம் ஃபாரோ தீவு நாட்டின் பெண்கள் கால்பந்து அணி மருத்துவன் என்ற முறையில் இடைவேளையில் உன்னைச் சோதித்தேன். எந்த நாட்டோடு ஆடுகிறோம் என்று கேட்டேன். போன வருடத்து எதிரணியைச் சொன்னாய்.

பயிற்சியாளர் ஹாலூர், "மாத்து கீப்பர் துரிதாவுக்கு மீன் ஃபேக்டரில லீவு குடுக்கல. வேற கீப்பர் ஏது? நீங்க நிக்கிறீங்களா டாக்டர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் தலைகுனிந்து, படிவத்தில் 'சரியான பதில்' என்று எழுதினேன்.

இரண்டாம் பாதியில் தலையில் விழுந்த இரண்டாவது அடிக்குப் பிறகு இன்றுவரை நீ நடக்கவில்லை.

நேற்று உன் கையைப் பிடித்து, "பரவால்லம்மா" என்றேன். நீ எதையும் மறைக்கவில்லை. அன்று இடைவேளையில், தலை வலிக்கிறது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாய்.

உன் அப்பா