அருந்ததிக்குச் சூடு வைக்க நான் விடவில்லை

அக்கராயன்
தை, 1961

அன்பு மகன் பரமலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் சுகமாய் இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். சிற்றம்பலம் மாமா உனக்குக் கடிதம் போட்டிருப்பார், நான் அவரை முற்றத்தில் வைத்து அவமானப்படுத்தியதாக எழுதியிருப்பார், நடந்ததை என்னிடமும் கேள். மாரி வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிச் சில கிழமைகளில் உன் தங்கச்சி அருந்ததிக்குக் காய்ச்சலும் சத்தியும் வந்தது, தின்றதையெல்லாம் கக்கினாள், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள், பிறகு பெய்த சலம் தேயிலைச் சாயம் போலப் போனது, கண் இரண்டும் மஞ்சள். செங்கண்மாரி, மஞ்சள் காமாலை என்றார்கள். மாமா நாட்டுவைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியைக் கூட்டிவந்து, கையில் சூடு வைத்தால் மஞ்சள் இறங்கும் என்றார், அடுப்பில் கம்பியும் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். நான் கம்பியை எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, அண்ணை, என்ரை பிள்ளையிலை ஒருத்தரும் சூடு வைக்கேலாது என்றேன். அப்பிடியெண்டால் என்ரை மோள் கமலாசனியை உன்ரை மோனுக்குத் தரமாட்டன் என்றார் அவர். தராட்டில் விடுங்கோ என்றேன்.

உன் ஐயா மாட்டு வண்டியைப் பூட்ட, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது, பித்தம் இரத்தத்தில் கூடினபடியால்தான் இந்த மஞ்சள், கெட்ட தண்ணீரால் வந்திருக்கும், கண்ட மருந்தும் கொடுக்க வேண்டாம், படுக்க வைத்துக் கஞ்சியும் கொதித்தாறிய தண்ணீரும் கொடுங்கோ, பிள்ளை மயங்கினாலோ பிதற்றினாலோ உடனே கொண்டுவாங்கோ என்றார். அப்படியே செய்தேன், மஞ்சள் மெல்ல இறங்கியது, நேற்று மீன்குழம்பு கேட்டு என்னோடு சண்டை பிடித்தாள். அந்தக் கிணற்றில் அள்ளுகிற வீடெல்லாம் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னேன், மாமா சிரித்தார். பிறகு அவருடைய கடைசிப் பிள்ளை இராசமலருக்கும் கண் மஞ்சளித்தது. அவர் வயலில் நின்ற நேரம் சிவனேஸ்வரி மாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மச்சாள், வண்டியைப் பூட்டச் சொல்லுங்கோ, அவர் வரமுதல் போவம் என்றா. போனோம். அவளும் தேறுகிறாள், கையில் ஒரு தழும்பும் இல்லை. மாமா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கமலாசனி இப்போது தகப்பன் பார்த்திருக்கவே தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாளாம், எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. உனக்கும் விருப்பமென்றால் எழுது, மாமா வீட்டு வேலிப் படலையில் போய் நின்று பெண் கேட்பேன், ஆனால் அந்தக் கம்பிக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன், நீயும் எனக்காகக் கேட்டு எழுதிவிடாதே.

கடைத் தண்ணீர் குடிக்காதே மகன். தெய்வம் உனக்குத் துணையாய் நிற்கட்டும்.

உன் அம்மா
இராசேஸ்வரி