சிக்னல் கிடைக்கும் மேடு

அன்புள்ள அப்பாவுக்கு,

வடகரையில் எல்லோரும் நலம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. இங்கேயும் சாரல்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். பள்ளிப் பேச்சுப்போட்டியில் 'ட்ரோன் போர் நம் ராணுவத்துக்குத் தரும் பாடங்கள்' என்று தலைப்பு கொடுத்தார்கள். தென்காசி நூலகத்தில் தேடிப் படித்தேன். வீரர்கள் ஒரே இடத்தில் நின்று வீட்டுக்குப் பேசினால், போன் சிக்னலை வைத்தே எதிரி ட்ரோனை அங்கே அனுப்பிவிட முடியுமாம்.

"இந்த மேட்டுலதான்ட்டி சிக்னல் கிடைக்கி" என்று எல்லையிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் சிரிப்பீர்களே, அங்கே இனி நிற்காதீர்கள். இதைப் போனில் சொன்னால், கேட்கவும் அங்கேதானே நிற்பீர்கள்.

அம்மாவிடமும் சொன்னேன். "ஏட்டி, அவுக குரலக் கேக்காம எனக்குச் சோறு இறங்குமா? போட்டிக்குப் படிச்சத எங்கிட்ட ஒப்பிக்காத" என்றாள்.

நம் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்தது. எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அது என் தலைக்கு மேலே வந்து சற்று நேரம் அசையாமல் நின்றது.

இதுவரை எழுதியது நேற்று. இன்று உங்கள் போன் வரவில்லை. இருட்டிவிட்டது, அம்மா இன்னும் போனை மடியிலேயே வைத்திருக்கிறாள். என் பேச்சைக் கேட்டுவிட்டீர்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, இந்தக் கடிதத்தை நான் இன்னும் தபாலில் சேர்க்கவே இல்லை.

உங்கள் மகள்