உன் வாசலுக்குக் கொண்டுபோன கூழ்

என் மல்லிகா கண்ணு,

இன்றைக்கும் மத்தியானம் நம் வீடுகளுக்கு நடுவே இருக்கிற சுவரில் இரண்டு தட்டு கேட்டது. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். சுவர்மேல் காக்கைதான் உட்கார்ந்திருந்தது. நீ போய் வருஷங்கள் ஓடிவிட்டன, எனக்கு இன்னும் புத்தி வரவில்லை. குழம்புக் கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்துத் தட்டிவிட்டு, நான் வருவதற்குள் உள்ளே ஓடிவிடுவாயே, அந்த விளையாட்டை நீ இன்னும் விடவில்லையா?

தெருச் செய்தி சொல்கிறேன், கேள். சொல்தா வீட்டில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பம், அவர்களுக்கென்ன. ஆனால் அந்த அம்மாவுக்கு அதைப் பற்றவைக்கப் பயம். தினமும் என்னைக் கூப்பிடுகிறாள். அடுப்பு என்றாலே தள்ளி நிற்கிறவள் நான், என்னைப் போய்க் கூப்பிடுகிறாளே!

எனக்கு ஏன் இந்தப் பயம் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் என் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாஷர் போய் மக்கர் பண்ணியது. நீ உன்னுடையதைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தாய். "சாயங்காலம் குடுத்தா போதும்க்கா, எங்க வீட்ல இன்னிக்கு வெறகடுப்புதான்" என்றாய். மில் சங்கு ஊதின கொஞ்ச நேரத்தில் உன் வீட்டில் கூச்சல். ஸ்டவ் வெடித்து மருமகள் கருகிவிட்டாள் என்று உன் மாமியார் தெருவில் உருண்டு அழுதாள். அப்போது உன் ஸ்டவ் என் வீட்டில் எரிந்துகொண்டிருந்தது, மல்லிகா. அதன்மேல் என் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

விசாரிக்க வந்தவரிடம் சொன்னேன். ஸ்டவ்வையே கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன். "அவங்க வீட்ல ரெண்டு ஸ்டவ் இருந்திருக்கும்மா" என்றார். உன் மாமியார் எங்கிருந்தோ நசுங்கின ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதோடு முடிந்தது. லாஸ்பேட்டை ஆபீசுக்குப் போக ஸ்கூட்டர் வேண்டும் என்று உன் வீட்டுக்காரன் உன்னைப் பிடுங்கியெடுத்ததை யாரும் கேட்கவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கன்னம் வீங்கி வந்து நிற்பாய், என்னடி என்று கேட்டால் சிரிப்பாய். "சும்மா பேசுவாங்கக்கா, நீ கொழம்ப ஊத்து" என்பாய். ஏண்டி அப்படிச் சிரித்தாய்?

சட்டம் விட்டாலும் நம் தெரு விடாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இங்கே எந்த வீட்டில் எது நன்றாகச் சமைத்தாலும் நாலு வீட்டுக்குப் போகும், உனக்குத் தெரியாததா? உன் வீட்டுக்கு மட்டும் நிறுத்திவிட்டோம். சர்க்கரைப் பொங்கல் போகவில்லை, கிறிஸ்துமஸ் கேக் போகவில்லை, ரம்ஜான் பிரியாணி போகவில்லை. அவர்கள் கொடுத்ததையும் வாங்கவில்லை. அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

அப்புறம் அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். பெயர் கலா, அரியாங்குப்பத்துப் பெண், உன்னைவிடச் சின்னவள். ஸ்கூட்டரோடுதான் வந்தாள். அது போதாமல் அவள் அப்பாவின் மனைமேல் அவனுக்குக் கண். அவள் எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா என்று ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வீட்டைத் தண்டிக்கிறோம் என்று நினைத்து, அந்தப் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டினது நாங்கள்தான்.

பாத்திமா அக்காதான் எங்கள் கண்ணைத் திறந்தாள். நோன்பு மாசம், பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்கில் வாங்கிவந்து வழக்கம்போல வீடு வீடாக ஊற்றிக்கொண்டு வந்தவள், உன் வாசலிலும் போய் நின்றாள். "அங்க ஏங்க்கா போறீங்க?" என்று கேட்டேன். "கஞ்சிக்கு என்னாடி விரோதம்?" என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"வசந்தா, அந்தப் பொண்ணு கன்னம் வீங்கிக் கெடக்குது. கேட்டா சிரிக்கிறா" என்றாள்.

நீயே திரும்பி வந்து அந்தச் சமையற்கட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

மறுநாளே முறை வைத்துக்கொண்டோம், ஒரு நாளைக்கு ஒரு வீடு. என்ன கொண்டுபோனாலும் கலா கையில்தான் கொடுக்க வேண்டும், மாமியாரிடம் கொடுக்கக் கூடாது. கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், அதைக் கேட்கிற சாக்கில் மறுநாள் இன்னொருத்தி போகலாமே. சொல்தா வீட்டு அம்மா கோழிக்குழம்பும் ரொட்டியும் கொண்டுபோய், கலா தின்று முடிக்கிறவரை எதிரிலேயே நின்றாளாம். உன் மாமியாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தெரு பழசை மறந்துவிட்டது என்று நினைத்துக் குழம்பில் பங்கு கேட்டாள்.

ஆடி மாசத்தில் கோயிலில் கூழ் ஊற்றின ஞாயிற்றுக்கிழமை என் முறை. கூழும், நீ வைப்பது போலவே மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு உன் மாமியார் கொஞ்சமாகத் திறந்தாள்.

"அவ தூங்குறா. வெச்சுட்டுப் போ."

"அவ கையில குடுத்துட்டுப் போறேன்."

"தூங்குறவள எழுப்பச் சொல்றியா?"

"எழுந்திரிக்கட்டும், இருக்கேன்" என்று படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த வாடை வந்தது. மண்ணெண்ணெய். பாத்திமா அக்காவைப் பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் ஓடிவந்தாள், சொல்தா வீட்டு அம்மா வந்தாள், கோயிலிலிருந்து கூழ் வாங்கித் திரும்பிய பெண்கள் சொம்போடு வந்து நின்றார்கள்.

"என்னாடி கூட்டம்? பொணமா விழுந்து கெடக்குது இங்க?" என்றாள் உன் மாமியார்.

"விழறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

பாத்திமா அக்கா தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகக் கதவைத் தள்ளினாள். எங்களைப் பார்த்ததும் உன் வீட்டுக்காரன் பின்கதவு வழியாக ஓடினான், அவன் கையில் இருந்த தீப்பெட்டி தரையில் விழுந்தது. கலா சமையற்கட்டு மூலையில் நின்றிருந்தாள். புடவை முழுக்க எண்ணெய் சொட்டியது. அழவில்லை, எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். "சிரிக்காதடி!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன்.

குழாயடியில் உட்காரவைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், மறுபடி ஊற்றினேன். வாடை எப்போதோ போய்விட்டது. என்னால்தான் நிறுத்த முடியவில்லை. உன்மேல் ஊற்ற முடியாமல் போன தண்ணீரையெல்லாம் அவள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். பற்கள் தந்தியடிக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போதும்க்கா. குளிருது" என்றாள்.

குளிருது என்கிறாள், மல்லிகா. அந்த வீட்டு மருமகள் குளிருது என்று சொல்வதைக் கேட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அன்றைக்குத்தான் உனக்காக வாய்விட்டு அழுதேன்.

கலா இப்போது அரியாங்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுக் கூண்டைவிட்டு இறங்க மாட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அதட்டினாலும், உனக்கு நடந்ததையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
வசந்தா