அவர் வாட்சின் சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

பெரிய பேரன் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர், அவனுக்குக் கீழே நாற்பது பேர். அடுத்தவன் பல் டாக்டர். மகள் வீட்டுப் பேத்தி கணக்கில் பள்ளிக்கே முதல். கடைக்குட்டி நீச்சலில் வாங்கிய கோப்பை அலமாரியில் இடமில்லாமல் அரிசி டப்பா மேல் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவள் நிறுத்தவே இல்லை.

மகன் பெற்ற பேத்தியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துச் சரிசெய்கிறாள். எங்கிருந்தெல்லாமோ தேடி வருகிறார்களாம். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை, அவள் அம்மாவைப் பெற்றவள் வீட்டு மேஜையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

மார்ச் 9, திங்கள்

பேத்தி போன் செய்தாள். இப்போது அந்த வீட்டுத் தாத்தாவின் வாட்சைச் சரிசெய்கிறாளாம்.

என் வீட்டுக்காரரும் அந்தத் தாத்தாவும் ஒரே மில். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாதிரி வாட்ச் வாங்கினார்கள். சம்பந்தி ஆனதெல்லாம் அப்புறம். இப்போது இரண்டு பேருமே இல்லை. சம்பந்தி தன்னுடையதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்குமே பேலன்ஸ் சக்கரம், அது துருப்பிடித்துப் போயிற்று. எட்டு மாதமாகத் தேடுகிறாள். ஒரு போலி வந்ததாம், திருப்பி அனுப்பிவிட்டாள். "போலி போட்டாலும் ஓடும் பாட்டி. ஆனா அது தாத்தா வாட்ச் ஆகாது."

பழைய கடைகளுக்கெல்லாம் கடிதம் எழுதுவது சம்பந்தியம்மாதானாம். ரிட்டயர்டு டீச்சர் ஆயிற்றே. நான் ஐந்தாவதோடு நின்றவள், என்னிடம் யார் கேட்பார்கள்?

கேட்டாள். "நம்ம தாத்தா வாட்ச் உங்ககிட்ட இருக்கா பாட்டி?"

"அது எப்பவோ தொலைஞ்சுபோச்சு கண்ணு."

சொல்லும்போது அது என் கையில்தான் இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் சாவி கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள்! நான் அடுப்படியில் இருந்தேன். அறையிலிருந்து குரல்: "பாட்டி, தலையணை டிக் டிக்குங்குது. எலிக்கு மாரடைப்பா?"

என் முகம் போன போக்கை எழுத முடியாது.

திட்டவில்லை. வெள்ளைத் துணி விரித்து, கண்ணில் பூதக்கண்ணாடி செருகிக்கொண்டு, பின்மூடியைத் திறந்தாள். ஒவ்வொரு திருகாகப் பார்த்தாள். அப்புறம், "ஒரு திருகுகூட மாறல பாட்டி. எல்லாமே அசல். இவ்ளோ சுத்தமா நான் பார்த்ததே இல்ல" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சரம்மா பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

திருப்பினாள். "டயல் மட்டும்... யாரு பெயிண்ட் அடிச்சது?"

நான்தான். அவர் போனபிறகு முனைக்கடை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன். வேர்வைக் கறை பார்க்கச் சகிக்கவில்லை, பளிச்சென்று ஆக்கித் தரச் சொன்னேன். இப்போது இவள் சொல்கிறாள், எண்கள் தடித்துவிட்டனவாம், ஓரக்கோடு காணாமல் போயிற்றாம். "கறையோட இருந்தாலும் அதுதான் அசல் பாட்டி."

தொட்டியில் கிடந்ததற்கு அசல் முகம், தினம் துடைத்து வைத்ததற்குப் பொய் முகமா? இது என்ன நியாயம்?

சக்கரத்தைக் கேட்கவே இல்லை அவள். மூடிக் கையில் கொடுத்துவிட்டாள். கேட்டுத் தொலையேண்டி! கேட்டால்தானே மாட்டேன் என்று சொல்ல முடியும்?

ஏப்ரல் 13, திங்கள்

செருப்பு மாட்டும்போது, "அந்தப் பாட்டிகிட்ட சொல்லவா, வாட்ச் இருக்குன்னு?" என்றாள்.

"சொல்லேன். எனக்கென்ன பயம்?"

நாளெல்லாம் பயம்.

ஏப்ரல் 20, திங்கள்

டீச்சரம்மாவிடமிருந்து கடிதம். நாலே வரி. "சம்பந்தியம்மா, உங்கள் வாட்ச் ஓடுகிறதாமே, சந்தோஷம். எங்களுடையதற்குச் சக்கரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. ஓடுகிற வாட்சாவது நல்ல முகத்தோடு இருக்கட்டும். எங்கள் டயலைக் கழற்றி உங்களுக்குப் போடச் சொல்லிவிட்டேன்."

முத்து முத்தான எழுத்து. எங்காவது குத்தல் இருக்கிறதா என்று ஏழு முறை படித்தேன். இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு சக்கரத்தை நான் பூதம் மாதிரி காத்துக் கிடக்கிறேன், அவள் முகத்தையே கழற்றிக் கொடுக்கிறாள். கொடுப்பதிலும் என்னை முந்திக்கொண்டாளே!

ஏப்ரல் 22, புதன்

பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். குமாஸ்தா டின்னைக் காதில் வைத்துப் பார்த்து முழித்தார். "குண்டு இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரர் வாட்ச்" என்றேன்.

உள்ளே பேத்திக்கு ஒரு சீட்டு: சக்கரத்தை எடுத்து அவர்கள் வாட்சில் போடு. டயல் அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 23, வியாழன்

சாவி கொடுக்கக் கை போயிற்று. தலையணைதான் இருந்தது.

மே 3, ஞாயிறு

பேத்தி போனில் சிரிக்கிறாள். "இவங்க டயலை எடுத்துக்கங்கறாங்க, நீங்க சக்கரத்தை எடுத்துக்கங்கறீங்க. பஸ்ல டிக்கெட் எடுக்க அடிச்சுக்குவாங்களே, அது மாதிரி! நான் யார் பேச்சைக் கேக்கறது?"

"பெரியவங்க பேச்சைக் கேளு."

"ரெண்டு பேருமே பெரியவங்கதானே?"

"அவளைவிட நான் ரெண்டு வயசு மூத்தவ. வை போனை."

ஜெயித்துவிட்டேன். ஜெயித்தபிறகு அழுகை வந்தது. ஏன்?

ஜூன் 6, சனி

எங்கள் வாட்ச் திரும்பி வந்தது. இனி ஓடாது. கூடவே ஒரு போட்டோ: டீச்சரம்மா கையில் அவர்கள் வாட்ச், கறையோடு அசல் முகம். தினம் காலையில் அவள்தான் சாவி கொடுக்கிறாளாம். வயிறு எரிந்தது. எரியத்தான் எரியும், பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் டீச்சரம்மா வெறுமனே வாட்சைக் காட்டவில்லை. காதில் வைத்துக்கொண்டிருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு.

ஜூன் 7, ஞாயிறு

பேத்திக்கு எழுதினேன். முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். டீச்சரம்மா வாட்சின் பின்மூடியைத் திறந்து எனக்கு ஒரு புதுப் போட்டோ எடு. அவர் சக்கரம் தெரிய வேண்டும். ஆடும்போது எடுத்தால் மங்கலாக விழும் என்பாய். மங்கலாகவே விழட்டும், நிறுத்திவிட்டு மட்டும் எடுக்காதே. சீக்கிரம் தபாலில் அனுப்பு.