சந்தவாசலில் சாய்ந்த வண்டி

வாசலில் புது வண்டி நிற்கிறது. எஞ்சின் இன்னும் ஆறவில்லை. சூடான எண்ணெயும் புது ரப்பரும் கலந்த வாசனை கூடம் வரை வருகிறது. உங்களுக்குப் பிடித்த வாசனை. எனக்குப் பிடிக்காது என்று நீங்கள் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

யார் வாங்கியது, எத்தனை சிசி என்றுதான் முதலில் கேட்பீர்கள். வாங்கியது உங்கள் மகள் தேன்மொழி. எத்தனை சிசி என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன். பாதியிலிருந்து கதை சொல்லத் தொடங்குவது உங்கள் வழக்கம், என் வழக்கமில்லை.

நீங்கள் போன பிறகு பட்டு வியாபாரத்தை அவள்தான் நடத்துகிறாள். ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுப் பக்கமும் படவேட்டுப் பக்கமும் நெசவாளர் வீடுகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருகிறாள். ஸ்கூட்டரில் அந்தச் சாலைகளின் பள்ளங்களில் விழுந்து எழுந்து இடுப்பு போய்விட்டது. வாங்கினால் க்ரூஸர்தான் என்று பிடிவாதமாக நின்றாள். தாழ்ந்த அகலமான சீட், காலை முன்னால் நீட்டி நிமிர்ந்து உட்காரலாம், பின்னால் துணி மூட்டை கட்டலாம். அவள் சொன்ன காரணங்கள் எல்லாம் சரிதான். நாற்பது வயது தாண்டிய பெண்மணி இதில் போனால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு உறவினர் கேட்டார். ஊர் சொல்வதைக் கேட்டு இந்த வீட்டில் யாரும் எதையும் வாங்கியதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

என்னை வேலூர் ஷோரூமுக்குக் கூட்டிப்போனது நிறம் பார்க்க. எஞ்சினைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பது நம் வீட்டில் என்றோ முடிவான விஷயம், உங்கள் புண்ணியத்தில்.

அங்கே இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று முந்நூற்றைம்பது சிசி, ஒற்றைச் சிலிண்டர். மற்றது அறுநூற்றைம்பது, இரட்டைச் சிலிண்டர், ஏறத்தாழ ஒரு நெல் மூட்டை கூடுதல் எடை. விற்பவர் பெரிய மீசைக்காரர். முதலில் என்னை "ஆயா" என்றார். நான் பார்த்த பார்வையில் "மேடம்" ஆகிவிட்டேன். பெரிய வண்டி நெடுஞ்சாலையில் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்றார். பட்டு எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும், வண்டி எப்படிப் போகும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

அப்போதுதான் தேன்மொழி அதைச் செய்தாள். பெரிய வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து, லேசாக ஒரு பக்கம் சாய்த்து, உள்ளங்கையில் அதன் கனத்தை வாங்கிப் பார்த்தாள். நெசவாளர் கொண்டுவரும் சேலையைத் தராசில் வைப்பதற்கு முன்பு கையில் ஏந்திப் பார்ப்பீர்களே, அதே கை, அதே தலைசாய்ப்பு. "கனமா இருக்குதும்மா. இதான் சரக்கு" என்றாள்.

நிறம் பார்ப்பதை நான் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். ஏனென்றால் இதே வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

ஒரு முன்னாள் ராணுவக்காரரிடம் ஐந்நூறு சிசி வெளிநாட்டு வண்டி விலைக்கு வந்தபோது, நீங்கள் எஞ்சினைக் கிளப்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் ஆட்டிப் பார்த்து, "கனமா இருக்குது. இதான் சரக்கு" என்றீர்கள். பட்டில் கனம் இருந்தால் நூல் இருக்கிறது, ஜரிகை இருக்கிறது என்று அர்த்தம். வாழ்நாள் முழுதும் எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கியவர் நீங்கள். வண்டிக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டீர்கள். ஆரணிக்காரரைத் தவிர வேறு யாரும் எஞ்சினை இப்படி வாங்கியிருக்க மாட்டார்கள்.

வாங்கிய மாதமே படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். தேன்மொழி கைக்குழந்தை, அவளை உங்கள் அம்மாவிடம் விட்டிருந்தோம். சந்தவாசலைத் தாண்டும்போது சாலையில் கேழ்வரகுக் கதிர் பரப்பியிருந்தார்கள். எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஓரம் கட்டினீர்கள். ஊன்றிய கால் கதிரில் வழுக்கியது. வண்டி விழவில்லை, பெரிய மனிதர் படுப்பது போல நிதானமாகச் சாய்ந்தது. நான் இறங்கி நின்றுவிட்டேன், சேலை கசங்கவில்லை. நீங்கள் தூக்கிப் பார்த்தீர்கள். அசையவில்லை. மறுபடி முயன்றீர்கள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்:

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

திரும்பிக்கொண்டேன். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் ஒருத்தி மலையைப் பார்ப்பது? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பின்பக்கக் கம்பியைப் பிடித்தேன். கான்வென்ட்டில் கயிறு இழுக்கும் போட்டிக்கு எங்கள் அணியில் கடைசியில் நின்று கயிற்றைத் தாங்கிப் பிடித்தவள் நான்தான் என்பது உங்களுக்கு அதுவரை தெரியாது. ஒன், டூ, த்ரீ என்றேன். வண்டி எழுந்தது.

கோயிலில் வேண்டிக்கொண்டு வந்தபின் நீங்கள் பேசிய முதல் வார்த்தை, "யாருக்கும் சொல்லாத." சரி என்றேன்.

சில நாளில் அது போய் இருநூற்றைம்பது சிசி வந்தது. வீட்டின் முன்பக்கக் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் சொன்ன பதில் உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. "வீட்ல பின்னாடி உக்கார பயப்படுறாங்க. அதான் சின்னதா எடுத்துக்கினேன்."

பயமாம். எனக்காம். உங்கள் அக்கா அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கடையில் அப்படிச் சொன்ன முதல் நாள் சாயங்காலம் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டே வந்து, புது வண்டியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். கால் வைக்கும் கட்டையை என் உயரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தீர்கள். மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் வராது. அந்தக் கட்டையை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஷோரூமுக்கு வருகிறேன். தேன்மொழிக்கு நியாயமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். சேத்துப்பட்டு சாலையில் பஸ்ஸுக்கும் கரும்பு டிராக்டருக்கும் நடுவில் எந்த வேகத்தில் போகப் போகிறாய்? நெசவாளர் தெருவில் காலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டியிருந்தால், இறங்கி வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டுதானே வர வேண்டும்? சித்திரை வெயிலில் இரண்டு சிலிண்டர் சூட்டைக் கால் தாங்குமா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு மீசைக்காரரிடம் திரும்பிச் சொன்னாள்.

"எங்கப்பா அந்தக் காலத்துலயே ஐநூறு வச்சிருந்தாருங்க. அம்மா பயந்துக்கினாங்கன்னு வித்துட்டாரு. அவரு விட்டுக்குடுத்தத நான் எடுக்கறேன். பெருசே போடுங்க."

பாருங்கள், வண்டி ஆசை இல்லை அது. உங்கள் மேல் உள்ள ஆசை. உங்களுக்காக அவள் தன்னால் தாங்க முடியாததை வாங்கப் போனாள். தனியாக மலையடிவாரத்தில் அது சாய்ந்தால், பின்னால் பிடிக்க யார் இருக்கிறார்கள்? உங்கள் மானம் ஒரு பக்கம், அவள் கால் எலும்பு ஒரு பக்கம். தேர்ந்தெடுக்க எனக்கு நேரம் பிடிக்கவில்லை.

மீசைக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"உங்கப்பா எனக்காக விக்கல. சந்தவாசல்ல வண்டி சாஞ்சிடுச்சு. அவரால தூக்க முடியல. நான்தான் பின்னாடி புடிச்சேன்."

அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்ற? நானே உன்ன எத்தினி வாட்டி பயந்தாங்கொள்ளின்னு சொல்லிகினு இருந்தேன். வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?"

"சொல்லாதன்னாரு."

"அதுக்கு?"

"அவ்ளோதான்."

அவள் பெரிய வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். "பாவம்மா அப்பா" என்றாள். உங்களை இவ்வளவு அன்போடு அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் தூக்க முடியாமல் நின்றது உங்களைக் குறைக்கவில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரமே சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவளே பெரிய வண்டியை வாசல் சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். பாதி ஏறியதும் அது அவள் பக்கம் சாய, மீசைக்காரர் ஓடிவந்து தாங்கினார். சின்னதில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. இறங்கி, மூச்சு வாங்காமல் சரிவில் தள்ளி ஏற்றி, என்னைப் பார்த்து, "இது வரும்மா" என்றாள். முந்நூற்றைம்பது சிசி. நிறம் கருஞ்சிவப்பு, நான் சொன்னது.

பின்சீட்டில் என்னை உட்கார வைத்துத்தான் ஊருக்குள் வந்தாள். மார்க்கெட் முனையில் வண்டியை நிறுத்தி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் என் கயிறு இழுக்கும் பெருமையைச் சொன்னாள். உங்கள் பெயரை அதில் இழுக்கவில்லை. சொல்லிக் கொடுக்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே உங்கள் சொல்லை மீறிவிட்டேன். வருத்தமில்லை. கோபம் வந்தால் வரட்டும், நான் அங்கே வந்ததும் நேரில் பேசிக்கொள்வோம். மற்ற விஷயங்களில் நீங்கள் கவலைப்பட வேண்டாம். யாருக்கும் சொல்லாதே என்று நீங்கள் சொன்னவை இன்னும் சில என்னிடம் இருக்கின்றன. அவற்றை எத்தனை சிசி வண்டிக்காகவும் இறக்கி வைக்கப் போவதில்லை. இந்தக் காகிதத்தில்கூட எழுத மாட்டேன். தேன்மொழி எடுத்துப் படித்துவிடுவாள்.